மொறிஸ் மைனரில் ஒரே பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது

மட்டக்களப்பு வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஒக்டோபர் 5

1965 மொறிஸ் மைனர் 1000. கீழ்ப் பக்கத்து 35 அம்பியர் பியூஸ் மூன்று கிழமைக்குள் ஐந்து தரம் எரிந்துவிட்டது. பெரும்பாலும் இடப் பக்கம் திரும்ப சிக்னல் போடும்போதுதான். 50 அம்பியர் போட்டால் நிற்கும் என்று கராஜில் சொல்கிறார்கள். போடலாமா?

ஒக்டோபர் 6

போடாதீர்கள். பியூஸ் பெரிதானால் அடுத்து எரிவது வயர். உங்கள் வண்டியில் அந்த வயருக்கு ஐம்பத்தொன்பது வயது.

மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ். பியூஸ் பெட்டியில் ஏ1, ஏ2 முனைகளுக்கு நடுவில் இருப்பது எப்போதும் உயிரோடு இருக்கும், அதாவது சாவி எடுத்தாலும் மின் இருக்கும், ஹோர்ன் அதில்தான். ஏ3, ஏ4 நடுவில் இருப்பது, உங்களுக்கு எரிவது, சாவி போட்டால்தான் வேலை செய்யும்: பிரேக் லைற், சிக்னல், வைப்பர், பெற்றோல் முள். ஏ4 இலிருந்து போகும் வயர்கள் எல்லாம் பச்சை, அல்லது பச்சையில் இன்னொரு நிறக் கோடு. பிரேக் லைற்றுக்குப் போவது பச்சையில் ஊதாக் கோடு. இந்த நிறக் கணக்கைப் பாடமாக்கினால் பாதி வேலை முடிந்தது.

எரிந்த பியூஸை எறிய முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி கறுத்துப் புகை படிந்திருந்தால் எங்கோ நேரடியாகக் குறுஞ்சுற்று, அதாவது உயிருள்ள வயர் காரின் இரும்பில் முட்டுகிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் சுமை கூடிப் போய்விட்டது, அல்லது பிடிக்கும் தகடு துருப்பிடித்துச் சூடாகிறது. துரு என்றால் மண்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தாலே போதும்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. என் 1963 மைனரிலும் போன கிழமை இதே பியூஸ் இரண்டு தரம் போனது. இரண்டும் கறுத்துத்தான் இருந்தன. பிரேக் போடும்போதுதான் போனது, அதனால் காரணம் கிட்டத்தட்டத் தெரிந்த மாதிரி. அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஒக்டோபர் 9

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. மூன்றாவதும் போய்விட்டது, கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட. குறுக்கே மாடு வந்தது, பிரேக்கை மிதித்தேன், பெற்றோல் முள் தொப்பென்று விழுந்தது.

இந்தக் காரில் இந்தப் பியூஸ் போனால் முதலில் தெரிவது பெற்றோல் முள்தான். எஞ்சின் நிற்காது, ஏனென்றால் இக்னிஷனுக்கும் பெற்றோல் பம்புக்கும் போகும் வெள்ளை வயரில் பியூஸே கிடையாது. கார் பாட்டுக்கு ஓடும், பின்னால் வருபவனுக்குத்தான் நீங்கள் நிற்பது தெரியாது. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு முள் விழுந்தால் நெஞ்சும் சேர்ந்து விழும். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒக்டோபர் 9, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போச்சு, அது முக்கியம். பழைய லூக்காஸ் பியூஸில் (இந்தக் கார்களுக்கு மின் சாமான் செய்த கம்பனி) 35 அம்பியர் என்றால் 35 இல் எரியும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது 17 தான். இப்போது கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடி பியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே கடையில் 35 கேட்டு வாங்கிப் போட்டால் வேண்டியதில் இரண்டு மடங்கு போட்டதாகும். பழைய லூக்காஸ் பியூஸ் என்றால் கண்ணாடிக்குள் சின்னத் துண்டுக் காகிதத்தில் எண் அச்சடித்திருக்கும்.

கணக்குப் பாருங்கள். பிரேக் பல்ப் இரண்டு, ஒவ்வொன்றும் 21 வாற். 12 வோல்ற்றில் மொத்தம் மூன்றரை அம்பியர். ஒரு பக்கத்துச் சிக்னல் இரண்டு பல்ப், இன்னொரு மூன்றரை. வைப்பர் மூன்று நாலு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 12 ஐத் தாண்டாது. 15 போட்டுக்கொண்டு திரிகிறேன்.

ஒக்டோபர் 17

பிரேக் லைற் சுவிச் மாற்றியாச்சு. மைனரில் அது பிரேக் குழாயிலேயே இருக்கும், ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. என் நியாயம் இதுதான்: பச்சை வயர் சுவிச் வரை எப்போதும் உயிரோடு இருக்கிறது, பச்சை ஊதா வயரில் மிதித்தால்தான் மின் வருகிறது. மிதிக்கும்போது மட்டும் எரிகிறது என்றால் பழுது சுவிச்சில், அல்லது சுவிச்சுக்குப் பின்னால். இரண்டும் இரண்டும் நாலு.

சுவிச்சைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று போகும், பிறகு நாலு சில்லிலும் காற்று எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி மிதிக்க நான் கீழே கிடந்து திறந்து மூட, அரைப் போத்தல் பிரேக் ஒயில் மண்ணுக்குப் போனது. பழைய சுவிச்சை மீற்றர் வைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அதைக் கழற்ற முதலே பார்த்திருக்கலாம் என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.

ஒக்டோபர் 18

எரிந்தது.

ஒக்டோபர் 27

ஈயத்தாள் வைத்து ஓடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வைத்து ஓடியிருக்கிறோம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். ஒஸ்ரின் ஏ40 கார், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து காபுரேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வரும் புகையில் அடுத்த காரைக் காணாது. பற்றரிக்கும் பஞ்சம், வயருக்கும் பஞ்சம், பியூஸை யார் தேடுவது? சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டிச் செருகினோம். ஒட்டுகிற ரேப் இல்லை, சைக்கிள் ரியூப்பை நாடா மாதிரி வெட்டி வயரைச் சுற்றினோம். மாமாவின் ஏ40 ஒரு நாள் சாவகச்சேரிக்குப் போகும் வழியில் டாஷ்போட்டுக்குள் இருந்து புகைந்தது. அந்தக் காலத்து வயருக்கு மேல் நூல் உறை. மெதுவாக, ஊதுபத்தி மாதிரி, கட்டு முழுதும் பிடித்துக்கொண்டு போனது. தண்ணீர்ப் போத்தலை ஊற்றி, பற்றரியைப் பிடுங்கி, மிச்சத் தூரத்துக்கு மாட்டு வண்டி.

பற்றரியைப் பிடுங்குவது பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கார்களில் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடம்போடு, சேர்ந்திருப்பது நேர்முனை. அப்படிச் சேர்ந்திருக்கும் முனையைத்தான் எர்த் என்பது. இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். புதுக் காரில் பழகியவர்கள் கை தானாகவே மறைமுனையை முதலில் கழற்றப் போகும், கழற்றும் ஸ்பனர் பொடியில் முட்டினால் வாணவேடிக்கை. எது எர்த்தோ அதை முதலில் கழற்றுங்கள். மைனரில் அது நேர்முனை.

இந்தக் கதைக்கும் என் பியூஸுக்கும் சம்பந்தமில்லை. (பின்குறிப்பு, டிசம்பர் 9: இருந்தது. சைக்கிள் ரியூப் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போதுகூடப் பொறி தட்டவில்லை.)

நவம்பர் 4

இதுவரை எரிந்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். முப்பது வருஷம் கணிதம் படிப்பித்தவனுக்கு அட்டவணை போடாமல் ஒன்றும் விளங்காது.

மொத்தம் ஏழு. ஏழும் ஓடும்போது, பிரேக் போட்டபோது. ஏழிலும் பலமான பிரேக். ஏழிலும் நான் தனியே. மனைவி கூட வந்த நாட்களில் ஒன்றுகூட இல்லை, அவருடன் இரண்டு தரம் பருத்தித்துறைக்கே போய் வந்தோம். மகளிடம் சொன்னேன், "அம்மா இருந்தால் பியூஸுக்கும் பயம்தான் அப்பா" என்றாள்.

வீட்டில் நிறுத்தி வைத்து, சாவி போட்டு, மிதியை நூறு தரம் மிதித்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடியபடியும் மிதித்தேன். ஒன்றும் இல்லை.

போன் சார்ஜர் ஏதும் பூட்டியிருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: பூட்டியிருக்கிறேன், இரண்டு வருஷமாக இருக்கிறது, நானே பூட்டியது, ஏ4 இலிருந்துதான் எடுத்தேன், சாவி எடுத்தால் நிற்கட்டும் என்று. ஆனால் அது ஒரு அம்பியர்கூட இழுக்காது. பிரேக்குக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அதை விடுங்கள். பின் பக்கம் போகும் வயர்க் கட்டு எங்கோ பொடியில் உரசுகிறது, பிரேக் போடும்போது பொடி முன்னே சாய, அது இழுபடுகிறது. அடுத்த கிழமை பாய் விரித்துக் கீழே படுக்கப் போகிறேன்.

நவம்பர் 30

படுக்கவில்லை. மழை வெள்ளம், முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர். உயர்தரப் பரீட்சையையே சில நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள், என் பியூஸ் நிற்கக் கூடாதா? காரைத் திண்ணையோடு ஒட்டி ஏற்றி, சில்லுக்குக் கீழே கல் வைத்திருக்கிறேன். தவளை ஒன்று ஸ்பெயார் சில்லுக்குள் குடியிருக்கிறது.

டிசம்பர் 3

தண்ணீர் வற்றியதும் கீழே போய்ப் பார்த்தேன். பின்னால் போகும் கட்டு முழுவதையும் கையால் தடவினேன். உரசல் இல்லை. லைற் தகரத்துக்குள் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். இரண்டும் இரண்டும் நாலு என்று எழுதியவனை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

டிசம்பர் 8

பிடித்தேன். விவரமாகவே எழுதுகிறேன்.

இத்தனை நாள் செய்திருக்க வேண்டியதை இன்றுதான் செய்தேன்: பியூஸுக்குப் பதிலாக ஒரு பல்ப். 21 வாற் பல்ப், இரண்டு வயர், ஏ3 இல் ஒன்று, ஏ4 இல் ஒன்று. எங்கே குறுஞ்சுற்று வந்தாலும் பல்ப் முழுப் பிரகாசமாக எரியும், ஆனால் அதற்குள்ளால் ஒன்றே முக்கால் அம்பியருக்கு மேல் போகாது, அதனால் வயர் சூடாகாது, பியூஸும் செலவில்லை. பழுது நீங்கினால் பல்ப் மங்கும். குழப்பம் வராமல் இருக்கப் பிரேக் பல்ப் இரண்டையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கும்போதெல்லாம் அவற்றின் மின்னும் இதற்குள்ளால் போய் இது எரியும்.

பியூஸ் பெட்டி பொனற்றுக்குள் இருக்கிறது. ஓடும்போது பார்க்க வேண்டுமே. வயரை நீட்டி பொனற்றின் பின் விளிம்பால் வெளியே எடுத்து, பல்பை வைப்பர் தண்டில் கட்டினேன், என் கண்ணுக்கு நேரே. பிரேக் லைற் இல்லாமல் வீதிக்குப் போக முடியாது, ஆகவே தம்பி முறையானவரின் தோட்டத்து ஒழுங்கை. காலை ஆறு மணி. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள்.

முதல் ஓட்டம்: ஓடினேன், மிதித்தேன், ஓடினேன், மிதித்தேன். பல்ப் செத்துக் கிடந்தது. பத்துத் தரம். ஒன்றும் இல்லை.

வெறுத்துப் போய் நின்றபோது போன் அடித்தது, மகள். கதைத்து முடிய பற்றரி சிவப்பு. சார்ஜரில் செருகி, பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு, இன்னொரு தரம் மட்டும் என்று ஓடினேன். வைப்பர் தண்டில் பல்ப் மங்கலாக, மின்மினி அளவுக்கு எரிந்தது. சார்ஜர் இழுக்கும் மின் அது, சரிதான். மிதித்தேன். போன் வழுக்கி முன்னால் விழுந்தது. பல்ப் பளீர் என்று கண்ணைப் பறித்தது.

எரிந்தபடியே நின்றது. காரை நிறுத்தி, குனிந்து, போன் வயரை மெல்லப் பிடித்துத் தூக்கினேன். பல்ப் மங்கியது. விட்டேன், பளீர். தூக்கினேன், மங்கியது. அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன் என்றால் நம்புங்கள். வெங்காயத்தடியில் நின்ற ஒருவர் வந்து, "மாஸ்ரர், என்ன, தீபாவளியோ?" என்றார்.

டிசம்பர் 9

ஏன் என்பது இனி.

இந்தக் காரில் பொடி நேர்முனை என்று சொன்னேன் அல்லவா? போன் சார்ஜர் செருகும் குழல் இருக்கிறதே, அது மறைமுனை பொடியில் இருக்கும் கார்களுக்காகச் செய்தது: நடு ஊசி நேர், வெளித் தகர உறை மறை. அப்படிச் செய்தால் உறை எதில் முட்டினாலும் பாதகமில்லை, அதுவும் எர்த், பொடியும் எர்த். மைனரில் அதை வேலை செய்ய வைக்க வேண்டுமென்றால் தலைகீழாகத்தான் கொடுக்க வேண்டும்: நடு ஊசிக்குப் பொடி, வெளி உறைக்கு ஏ4 இன் பச்சை வயர். அதாவது உறை முழுவதும் உயிர். இரும்புக் காருக்குள், இரும்புத் தட்டின் கீழே, உயிருள்ள இரும்புக் குழல்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பூட்டும்போது தெரிந்துதான் உறையைச் சுற்றி ஒரு நாடா கட்டி, அதற்கு மேல் கிளிப் போட்டுத் தட்டில் தொங்கவிட்டேன். என்ன நாடா? சைக்கிள் ரியூப். பழக்கதோஷம். இரண்டு கோடை வெயிலில் ரப்பர் காய்ந்து பிளந்துவிட்டது. சும்மா தொங்கும்போது முட்டாது. போன் விழுந்து வயரை இழுத்தால் குழல் திரும்பி, பிளவுக்குள்ளால் கிளிப்பின் விளிம்பு உறையில் முட்டும்.

மனைவி வரும்போது ஏன் எரியவில்லை? ஏறி இருந்ததும் அவர் சொல்லும் முதல் வசனம், "இஞ்சாருங்கோ, அந்தப் போனை இங்கே தாங்கோ." மடியில் வைத்திருப்பார். வயர் இழுபடாது. வீட்டில் நிறுத்தி மிதித்தபோது ஏன் எரியவில்லை? நிற்கிற காரில் போன் எப்படி வழுக்கும்?

சார்ஜரைக் கேட்டவரிடம் மன்னிப்பு. ஒரு அம்பியர்கூட இழுக்காது என்று எழுதினேன், அது உண்மைதான். ஆனால் கேள்வி எவ்வளவு இழுக்கிறது என்பதல்ல. பிரேக் போடும்போது எரிகிறது என்பதைப் பிரேக் எரிக்கிறது என்று படித்துவிட்டேன். பிள்ளைகள் இப்படி எழுதினால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருப்பேன்.

டிசம்பர் 10

இன்னொன்று, ஆபத்தானது. உறை மட்டுமல்ல, யூஎஸ்பி வயரின் மறுமுனையில் இருக்கும் தகர வாயும் உயிர்தான். பெரும்பாலான சார்ஜர்களில் அது உள்ளே மறைமுனையோடு சேர்ந்தே இருக்கும். போனைக் கழற்றிவிட்டு வயரைத் தரையில் போட்டால், அந்த வாய் இருக்கையின் கம்பியில் முட்டலாம். அந்த மெல்லிய வயர் 15 அம்பியர் பியூஸ் எரியும்வரை காத்திருக்காது, முதலில் அதுவே உருகும். நேர்முனை எர்த் காரில் புது ரேடியோ பூட்டுபவர்களுக்கும் இதே கதைதான், ரேடியோவின் பெட்டி முழுவதும் மறைமுனை.

டிசம்பர் 11

மட்டக்களப்பு நண்பரின் பதில் வந்திருக்கிறது. அவருக்குப் பல்ப் வேலையே வேண்டியிருக்கவில்லை. நான் நவம்பரில் போட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு அவரும் எழுதிப் பார்த்தாராம். எரிந்த நாள் எல்லாம் சந்தை நாள். டிக்கியில் தேங்காய் மூட்டை. மூட்டை இடப் பக்கத்துப் பின் லைற்றின் வயரைத் தகரத்தோடு நெரித்து, உறை வெட்டுப்பட்டுவிட்டது. இடச் சிக்னல் போட்டால் மட்டும் அந்த வயரில் மின் வருவதால் அப்போது மட்டும் எரிந்திருக்கிறது. வயரை மாற்றி, மேலே பலகை அடித்துவிட்டார். என்னிலும் முந்திக் கேட்டவர், என்னிலும் கெதியாகவே முடித்துவிட்டார், ஒரு சொட்டு பிரேக் ஒயில் செலவில்லாமல்.

டிசம்பர் 29

மறைமுனை எர்த்துக்கு மாற்றிவிடுங்கள், தொல்லையே இராது என்று மூன்று பேர். செய்யலாம், பெரிய வித்தையும் இல்லை. பற்றரியைத் திருப்பிப் பூட்டுவது, இக்னிஷன் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றுவது, பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவுக்குத் திசை காட்டுவது. கடைசியைச் சொல்கிறேன்: டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரால் அந்த எஃப் முனையை ஒரு கணம் தட்ட வேண்டும். சின்னப் பொறி பறக்கும், உள்ளிருக்கும் காந்தம் புதுத் திசையை ஏற்றுக்கொள்ளும். பெற்றோல் பம்ப் பழைய ரகமா, உள்ளே டயோட் வைத்த புது ரகமா என்று முதலில் பார்க்க வேண்டும், புது ரகத்துக்குத் திசை மாறினால் பிடிக்காது.

நான் மாற்றவில்லை. அப்பா ஓடிய கார், அவர் வைத்த திசையிலேயே இருக்கட்டும். இது நியாயமல்ல, தெரியும்.

சார்ஜரைக் கழற்றிவிட்டேன். போனுக்குத் தனியாகப் பவர் பாங்க் ஒன்று, கையுறைப் பெட்டிக்குள். காருக்கும் அதற்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.

2025 பெப்ரவரி 16

கடைசிப் பியூஸ் போட்டு பத்துக் கிழமை. இன்னும் எரியவில்லை. நேற்றுக் கோப்பாய்ச் சந்தியில் அதே மாடோ அதன் தங்கச்சியோ குறுக்கே வந்தது, முழுப் பலத்தோடு மிதித்தேன். முள் அசையவில்லை.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். இனியும் இந்தப் பழசை வைத்திருப்பீர்களா என்று கேட்பவர்களுக்கு: புதுக் காரின் விலையைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

பியூஸ் பெட்டி மூடிக்குள் இரண்டு ஸ்பெயார் பியூஸ் வைக்க இடம் உண்டு, இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதை மனைவி தன் கைப்பையில் வைத்திருக்கிறார். கேட்டால், "போனைப் பிடிக்க நான் எப்போதும் வர முடியுமா?" என்கிறார். சார்ஜரைக் கழற்றியாச்சு என்று சொல்லிவிட்டேன். அவர் நம்புவதாக இல்லை.